கேளாத செவிக்கு ஒலியைக் கற்பித்த ஆசிரியர்: அலெக்சாந்தர் கிரகாம் பெல்



தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், கிரகாம் பெல் என்று தயங்காமல் விடை கூறுவார்கள். பாடநூலில் அந்த ஒரு வரி இருக்கிறது. ஆனால் அவர் எந்தத் தொழிலைச் செய்து வாழ்ந்தார், எதைத் தேடிச் சென்றபோது தொலைபேசி அவர் கைக்கு வந்தது என்பதை அந்த வரி கூறுவதில்லை. அவர் பொறியாளர் அல்லர். மின்சாரத்தை முறையாகக் கற்றவரும் அல்லர். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அவர். உலகப் புகழ் வந்தடைந்த பின்னரும் தம்மை அவ்வாறே கூறிக்கொண்டார். கேட்கவே இயலாத ஒரு மாணவனுக்கு ஒலி என்றால் என்னவென்று எவ்வாறு புரிய வைப்பது? இந்தக் கேள்விதான் அவருடைய வாழ்வை நடத்திச் சென்றது. அவ்வாழ்வை இங்கே சுருக்கமாகத் தருகிறோம். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. விலக்கிக்கொள்ள வேண்டியதும் உண்டு.

பிறப்பும் தாயாரும்

1847-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பெல் பிறந்தார். பாட்டனார் பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர். தந்தையார் அலெக்சாந்தர் மெல்வில் பெல் அவர்களும் அதே தொழிலைச் செய்தவர். திக்குவாய் உடையோருக்கும், தெளிவாகப் பேச இயலாதோருக்கும் பயிற்சி தந்து பெயர் பெற்றவர். ஆக, மூன்று தலைமுறையாக மனிதக் குரலே அக்குடும்பத்தின் பிழைப்பாகவும் ஆராய்ச்சியாகவும் இருந்தது.

தாயார் எலைசா அம்மையாருக்குக் காது மிகவும் மந்தம். மற்றவர்கள் ஒரு குழாயை அவருடைய காதில் வைத்து உரக்கப் பேசுவார்கள். சிறுவன் பெல் வேறு வழி கண்டான். தாயின் நெற்றிக்கு அருகே வாயைக் கொண்டுசென்று, தாழ்ந்த குரலில் பேசுவான். அவன் குரலின் அதிர்வு நெற்றி எலும்பின் வழியே தாயாருக்குப் புலப்பட்டது. ஒலி காதுக்கு மட்டும் உரியதன்று, அது உடலால் உணரத்தக்க ஓர் அசைவு என்னும் பாடத்தைப் பெல் முதன்முதலில் தாயாரிடமிருந்தே கற்றார் எனலாம்.

இதனை நாமும் வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கரண்டியால் தட்டிவிட்டு, அதன் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொட்டால் அது துடிப்பதை உணரலாம். அழுத்திப் பிடித்தால் துடிப்பு நிற்கிறது. ஒலியும் உடனே நிற்கிறது. தட்டின் துடிப்பு தன்னைச் சூழ்ந்த காற்றை நெருக்குகிறது, பின்னர் தளர்த்துகிறது. இந்த நெருக்கமும் தளர்ச்சியும் மாறி மாறி, குளத்தில் கல்லெறிந்தால் பரவும் அலையைப் போல நாற்புறமும் பரவுகின்றன. காற்றில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். அது நம் செவிப்பறையைத் தொட்டு அசைக்கும்போது கேட்கிறோம். நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான துடிப்புகளே மனிதச் செவிக்கு எட்டுபவை.

பேசும் பொம்மையும் எழுத்தாகிய பேச்சும்

1863-ஆம் ஆண்டு தந்தையார் மகனை லண்டனுக்கு அழைத்துச் சென்று, சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் அறிஞர் வைத்திருந்த பேசும் இயந்திரத்தைக் காட்டினார். ஊர் திரும்பியதும் அதுபோன்ற ஒன்றைச் செய்து பார்க்குமாறு பெல்லையும் அவருடைய அண்ணனையும் தூண்டினார். ஒருவர் தொண்டையையும், மற்றவர் வாயையும் நாவையும் செய்தனர். காற்றை ஊதி உதடுகளை அசைத்தபோது, குழந்தை தாயை அழைப்பது போன்ற ஒலி அதிலிருந்து வந்தது. பொம்மையால் வருமானம் ஏதும் இல்லை. ஆனால் குரல் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பிள்ளைகள் தம் கைகளாலேயே செய்து அறிந்துகொண்டார்கள். அத்தந்தை தந்த கல்வி இத்தகையது.

தந்தையார் ஓர் எழுத்துமுறையையும் வகுத்து 1867-இல் நூலாக வெளியிட்டார். அதைக் கண்ணுக்குப் புலனாகும் பேச்சு என்று அழைத்தனர். அதில் ஒவ்வொரு குறியும், ஓர் ஒலியை எழுப்ப நாவும் உதடும் தொண்டையும் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதைக் காட்டும். மதரஸாவில் ஓதக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. எந்த எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வருகிறது, எது நாவின் நுனியிலிருந்து வருகிறது, எதற்கு உதடுகள் சேர வேண்டும் என்று மக்ரஜ் சொல்லிக்கொடுக்கும்போது நாம் செய்வதும் இதுவே. நாம் ஓதிக் காட்டியும் கற்பிக்கிறோம். மெல்வில் பெல்லின் முறையிலோ ஒலியைக் கேளாமலேயே அது பிறக்கும் இடத்தைக் காணலாம். ஆகவே, காது கேளாதோருக்கு அது பயன்படும் என்று மகன் கருதினார். 1868-இல் லண்டனில் காது கேளாத சிறு பிள்ளைகள் சிலருக்கு அம்முறையில் கற்பிக்கத் தொடங்கினார்.

இடையில் நிகழ்ந்த ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். இசைக்கவைகளைக் கொண்டு உயிரெழுத்துகளின் ஓசையை ஆராய்ந்த பெல், ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தமக்கு முன்பே அதைச் செய்திருப்பதை அறிந்தார். அவ்வறிஞரின் நூலைப் பார்த்தபோது, அவர் உயிரெழுத்துகளின் ஓசையைக் கம்பி வழியே அனுப்பியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார். உண்மையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அவ்வாறு அனுப்பவில்லை. பெல்லுக்கு ஜெர்மன் மொழி தெரியாததால் நேர்ந்த பிழை அது. எனினும், பிறர் செய்துவிட்டார் என்ற நம்பிக்கையால், இது நடக்கக்கூடிய காரியம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

புலம்பெயர்வும் பாஸ்டன் பள்ளியும்

1867-இல் தம்பி எட்வர்டும், 1870-இல் அண்ணன் மெல்வில்லும் காச நோயால் இறந்தனர். மூன்று ஆண் மக்களில் எஞ்சியவர் பெல் ஒருவரே. அவருடைய உடல்நிலையும் நன்றாக இல்லை. பெற்றோர் அனைத்தையும் விட்டுவிட்டு அதே 1870-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, பிரான்ட்போர்டு என்னும் ஊரருகே தங்கினர்.

1871-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்த காது கேளாதோர் பள்ளிக்குப் பெல் சென்றார். அப்போது அவருக்கு வயது 24. பின்னர் வேறு இரு ஊர்களின் பள்ளிகளிலும் கற்பித்தார். 1872-இல் தாமே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1873-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் குரலுறுப்புகள் குறித்த பேராசிரியரானார். ஜார்ஜ் சாண்டர்ஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் பிறவியிலேயே காது கேளாதவன். அவன் அவரிடம் பாடம் பயின்றான். அவனுக்காக ஒரு கையுறையில் எழுத்துகளை எழுதி, அவற்றைத் தொட்டுக்காட்டிச் சொற்களை உணர்த்தினார். மேபல் ஹப்பர்ட் என்னும் இளம்பெண்ணும் அவருடைய மாணவியருள் ஒருவர். ஐந்து வயதில் வந்த கடுங்காய்ச்சலால் செவிப்புலனை இழந்தவர். இவ்விருவரின் தந்தையரே பின்னாளில் பெல்லின் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தனர்.

ஒலியின் உருவம்

கேளாத பிள்ளைக்குப் பேசக் கற்பிப்பதில் ஒரு பெரிய இடர் இருக்கிறது. நாம் தவறாக ஒலித்தால் நம் காதே நம்மைத் திருத்துகிறது. கேளாத பிள்ளைக்கோ தன் குரல் சரியாக வந்ததா என்பது தெரியாது. ஆசிரியர் முகத்தைப் பார்த்தே அது அறிந்துகொள்ள வேண்டும். தன் குரலைத் தானே கண்ணால் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பெல் இதனையே இரவும் பகலும் எண்ணினார்.

அதற்கு உதவக்கூடிய இரு கருவிகள் அக்காலத்தில் இருந்தன. ஒன்று கோனிக் என்பவர் அமைத்த சுடர்க் கருவி. அதில் பேசினால், குரலின் அதிர்வுக்கு ஏற்பச் சிறு வாயுச் சுடர் ஏறி இறங்கும். சுழலும் கண்ணாடியில் அதைப் பார்த்தால் அலை வடிவம் தெரியும். மற்றொன்று பிரான்ஸ் நாட்டு லியோன் ஸ்காட் 1857-இல் செய்த கருவி. ஒரு கூம்பின் முனையில் மெல்லிய தோல். அதில் ஒட்டிய முள், புகைக்கரி படிந்த பரப்பில் குரலின் அலையைக் கோடாக வரையும். ஆசிரியரின் குரல் வரைந்த கோட்டைப் பார்த்து, அதே கோடு வரும்வரை மாணவன் முயன்று பழகலாம் என்பது பெல்லின் திட்டம்.

ஸ்காட்டின் கருவி செவியைப் போன்றே அமைந்திருப்பதைக் கண்ட பெல், பாஸ்டனின் செவி மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக் அவர்களிடம் ஆலோசனை கேட்டார். இறந்த மனிதரின் செவியையே பயன்படுத்தலாமே என்றார் அம்மருத்துவர். ஒன்றைப் பெற்றும் தந்தார். 1874-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் பெல் அதைப் பெற்றோரின் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். செவிப்பறையோடு இணைந்த சிற்றெலும்பில் வைக்கோல் துரும்பு ஒன்றைப் பொருத்தி, அச்செவிக்குள் பேசினார். துரும்பு கரி படிந்த கண்ணாடியில் அலைக்கோடுகளை வரைந்தது.

அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார். செவிப்பறை தாளைப் போல மெல்லியது. அதனோடு இணைந்த எலும்புகளோ அதைவிட எத்தனையோ மடங்கு கனமானவை. அவ்வளவு மெல்லிய சவ்வு அவ்வளவு கனமான எலும்புகளை அசைக்குமானால், சற்றுப் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா? அந்த இரும்பு மின்காந்தத்தின் முன்னே அசைந்தால், காற்றலை எவ்வாறு ஏறி இறங்குகிறதோ அவ்வாறே மின்னோட்டமும் ஏறி இறங்காதா? மறுமுனையில் அதே மின்னோட்டம் மற்றொரு சவ்வை அசைத்தால் குரல் மீண்டும் பிறந்துவிடுமே! தொலைபேசியின் கருத்து அந்தக் கோடையில் உருவாயிற்று. மாணவருக்கான பாடக் கருவியாக அந்தச் செவி நிலைபெறவில்லை. ஆனால் அவர்களுக்காக எடுத்த முயற்சியே உலகம் முழுமைக்கும் பயன் தந்தது.

தொலைபேசி

எண்ணத்திலிருந்து கருவிக்கு வழி நீண்டது. தாமஸ் வாட்சன் என்னும் கைத்திறன் மிக்க இளைஞர் துணை சேர்ந்தார். பகலில் வகுப்பு, இரவில் சோதனை எனப் பெல் உழைத்தார். 1875 ஜூன் 2-ஆம் நாள் கம்பியின் ஒரு முனையில் ஒட்டிக்கொண்ட உலோக நாக்கை வாட்சன் இழுத்துவிட, அதன் ஓசை மறுமுனையில் பெல்லுக்குக் கேட்டது. ஆசிரியத் தொழிலைக் கைவிட்டுக் கண்டுபிடிப்பில் மட்டும் ஈடுபடுமாறு மேபலின் தந்தையார் வற்புறுத்தினார். பெல் மேபலை மணக்க விரும்பிய காலம் அது. எனினும் தம் தொழிலைவிட அவர் இணங்கவில்லை.

1876 மார்ச் 7-ஆம் நாள் 174465 என்னும் எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. மூன்று நாட்களுக்குப் பின் மார்ச் 10-ஆம் நாள், அடுத்த அறையிலிருந்த வாட்சனை அழைத்த பெல்லின் சொற்கள் கருவி வழியே தெளிவாகக் கேட்டன. அவ்வாண்டு ஜூன் மாதம் பிலடெல்பியாவில் பெரிய பொருட்காட்சி நடந்தது. மாணவரின் தேர்வு நேரத்தில் ஊரைவிட்டுச் செல்லப் பெல்லுக்கு மனமில்லை. மேபல்தான் வற்புறுத்தி ரயிலேற்றினார். அங்கே வந்திருந்த பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ, பாஸ்டனில் காது கேளாதோர் பள்ளியைப் பார்வையிட்டபோது பெல்லைச் சந்தித்தவர். அவர் பெல்லை அடையாளம் கண்டுகொண்டதால் நடுவர்களின் கவனம் அக்கருவியின்மேல் விழுந்தது.

பெல் விண்ணப்பம் அளித்த அதே நாளில், 1876 பிப்ரவரி 14 அன்று, எலிஷா கிரே என்பவரும் காப்புரிமை அலுவலகத்தில் தம் ஆவணத்தை அளித்திருந்தார். இத்தாலியரான அன்டோனியோ மியூச்சி அதற்கும் பல்லாண்டுகள் முன்பே முயன்றவர். அவருடைய உழைப்பை 2002-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் இயற்றிப் பாராட்டியது. ஏறத்தாழ 600 வழக்குகள் தொடரப்பட்டன. 1888-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் பெல்லுக்கே உரிமை என்று தீர்ப்பளித்தது.

செல்வம் வந்த பின்

1877 ஜூலையில் பெல் மேபலை மணந்தார். தம் தொலைபேசி நிறுவனப் பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் மனைவிக்குத் திருமண அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். 1880-இல் பிரான்ஸ் அரசு 50,000 பிராங்க் மதிப்புள்ள வோல்டா பரிசை வழங்கியது. அதைக்கொண்டு வாஷிங்டனில் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கு உருவான ஒலிப்பதிவுக் கருவியால் வந்த பொருளைக் காது கேளாதோர் குறித்த அறிவைத் திரட்டும் நிலையத்துக்குச் செலவிட்டார். ஒளிக்கதிரின் மேலேற்றிக் குரலை அனுப்பும் கருவியையும் 1880-இல் செய்து காட்டினார்.

1886-இல் ஒரு தந்தை தம் ஆறு வயது மகளுடன் பெல்லிடம் வந்தார். கண்ணும் தெரியாது, காதும் கேளாது. அச்சிறுமியே ஹெலன் கெல்லர். எந்தப் பள்ளியை நாட வேண்டும் என்று பெல் வழிகாட்டினார். அதன் பயனாக 1887 மார்ச் மாதம் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை ஹெலனின் வீட்டுக்கு வந்து, உள்ளங்கையில் எழுத்துகளை உணர்த்திக் கற்பித்தார். 1903-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலை ஹெலன் கெல்லர் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

விலக்கிக்கொள்ள வேண்டியது

பெரியார் ஒருவரின் வாழ்வை எழுதுகையில் நல்லதை மட்டும் எழுதிவிட்டால் அது நீதியாகாது. கேளாதோர் வாயால் பேசவும், பிறர் உதட்டசைவைப் பார்த்து அறியவும் கற்க வேண்டும் என்பதில் பெல் மிகவும் பிடிவாதமாக இருந்தார். சைகை மொழி அவர்களைச் சமுதாயத்திலிருந்து பிரித்துவிடும் என்று கருதி, பள்ளிகளில் அதைக் கற்பிப்பதை எதிர்த்தார். 1883-இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் முன் படித்த கட்டுரையில், கேளாதோர் தமக்குள் மணம் புரிந்துகொள்வதால் கேளாத இனமே ஒன்று உருவாகிவிடும் என்ற அச்சத்தை வெளியிட்டார். அக்கருத்து கேளாதோரின் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியது. எட்வர்ட் கல்லடெட் போன்ற கல்வியாளர்கள் அக்காலத்திலேயே பெல்லின் போக்கை மறுத்து வாதிட்டனர்.

1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே மேலானது என்று தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி விலக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தங்கள் கைகளால் பேசத் தடை விதிக்கப்பட்டனர். 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் ஆய்வாளர், சைகை மொழி முறையான அமைப்புடைய முழுமையான மொழியே என்று எடுத்துக்காட்டினார். 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய கேளாதோர் கல்வி மாநாடு, மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது.

பெல்லின் பிழை எங்கே இருந்தது என்று நாம் சிந்திக்க வேண்டும். அன்பில் அவருக்குக் குறையில்லை. தாயாரும் மனைவியும் கேளாதவர்களே. ஆனால் மேபல் ஐந்து வயதுவரை கேட்டுப் பேசிப் பழகியவர். உதட்டசைவை எளிதில் அறிந்தவர். அவருக்கு இயன்றது, பிறந்ததிலிருந்தே ஒரு சொல்லும் கேட்டிராத பிள்ளைக்கும் இயலும் என்று எதிர்பார்த்தால் அது அப்பிள்ளைக்குப் பெரும் சுமையாகும். நெற்றியோரம் பேசித் தாய்க்கு ஏற்ற வழியைக் கண்டறிந்த அச்சிறுவன், வளர்ந்து பேராசிரியரானபோது எல்லோருக்கும் ஒரே வழியை வகுத்துவிட்டார். மாணவனை நேசிப்பது மட்டும் ஆசிரியருக்குப் போதாது. அவனுக்கு எவ்வழியில் அறிவு எட்டுகிறது என்பதை அவனிடமிருந்தே அறிந்துகொள்ளவும் வேண்டும்.

மறைவும் படிப்பினையும்

1922 ஆகஸ்டு 2-ஆம் நாள், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தம் இல்லத்தில் பெல் காலமானார். இரண்டு நாட்களுக்குப் பின் அடக்கம் செய்யப்பட்டபோது, வட அமெரிக்கா முழுவதும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாயின. ஒலியின் வலிமையை அளக்கும் டெசிபல் என்னும் அளவில் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இரண்டு செய்திகளைக் கூறி முடிக்கிறோம். ஒலி அலையைப் பற்றிய பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு காலித் தீப்பெட்டிகளை நூலால் இணைத்து, நூலை இழுத்துப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். ஊதிய பலூனை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளச் செய்து, அதன் அருகே பேசிக் காட்டுங்கள். விரல்கள் உணர்ந்த பாடம் தேர்வு முடிந்த பின்னரும் நிலைக்கும்.

மற்றொன்று, நம் மஹல்லாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் செவியையும் குறித்தது. ஆறு மாதம் ஆகியும் ஓசை வரும் திசைக்குத் திரும்பாத குழந்தையை, தானே சரியாகிவிடும் என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்புலன் குறைந்த பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். கருவியோ, பேச்சுப் பயிற்சியோ, சைகை மொழியோ, அப்பிள்ளைக்கு எது ஏற்றதோ அதன் வழியே கல்வி கிடைக்கச் செய்யுங்கள். சைகை மொழி தேவைப்படும் பிள்ளை இருக்குமாயின், அதனோடு வீட்டாரும் அண்டை வீட்டாரும் அம்மொழியில் சில சொற்களையேனும் கற்றுக்கொள்ளட்டும்.